முதலில் கம்பம், பிறகு பெட்டி: வன்னியில் பழைய எஃப்.எம் ரியூனர் கேட்கத் தொடங்குவோருக்கு

எங்கள் மாமி வானொலியில் மரண அறிவித்தலைத் தவற விடமாட்டார். கையில் வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்து கதிரையில் இருந்துவிடுவார். முன்பு எங்களிடம் இருந்த சின்ன றேடியோவில் பெயர் விளங்கும். "...ஐப் பிறப்பிடமாகவும்" என்று வருகிற இடத்தில் சரியாக ஓர் இரைச்சல் எழும்பி ஊரை விழுங்கிவிடும். "எந்த ஊராம் தம்பி?" என்று என்னைக் கேட்பார். ஊர் தெரிந்தால்தான் அவருக்கு ஆளைத் தெரியும். எனக்கும் விளங்கியிருக்காது.

பழைய ரியூனர் ஒன்றை எடுத்துப் பூட்டுவோம் என்று நான் கிளம்பியது அதனால்தான். இப்போது கனகராயன்குளத்து வீட்டுக்கு வருகிறவர்கள் அலுமாரியில் வெள்ளி முகத்தோடு மினுங்கும் பெட்டியைப் பார்த்து "என்ன மேக், என்ன விலை?" என்று கேட்கிறார்கள். வளவுக்குள் அன்ரனாவைத் தாங்கி நிற்கும் முப்பது அடிப் பைப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வேலையில் முக்கால்வாசி அந்தப் பைப்பில்தான் நடக்கிறது. ஆகவே ரியூனர் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரியூனர் என்றால் என்ன

அம்பிளிஃபையரும் ஸ்பீக்கரும் இல்லாத றேடியோதான் ரியூனர். அலையைப் பிடித்துப் பிரித்துச் சுத்தமான ஒலியாக்கி, பின்பக்கத்தில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு துளைகளால் வெளியே விடும். அதை அம்ப்புக்குக் கொடுத்தால் ஸ்பீக்கரில் கேட்கலாம். தனியாக வைத்தால் ஒரு சத்தமும் வராது. புதிதாக வாங்கிய ஒருவர், "அண்ணை, பழுதான சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டாங்கள்" என்று எனக்குப் போன் எடுத்தார். அவரிடம் அம்ப்பே இருக்கவில்லை.

1970களும் 80களின் முற்பகுதியும் இந்தப் பெட்டிகளின் பொற்காலம். சன்சுயி, பயனியர், கென்வூட், யமாஹா எல்லாம் ஒன்றையொன்று முந்தப் பார்த்த காலம். பாரமான தகடு, நல்ல ரான்ஸ்ஃபோமர், ஊசி மீற்றர் இரண்டு, விரலால் சுண்டிவிட்டால் டயலின் மறுகரை வரைக்கும் ஓடும் குமிழ். இன்றைய மலிவு றேடியோவுக்குள் இருப்பது நகம் அளவு சிப் ஒன்று. அருகருகே இரண்டு நிலையங்கள் இருந்தால் அது தடுமாறும். நல்ல பழைய ரியூனர் இரண்டையும் வகிடு எடுத்தது போலப் பிரித்துத் தரும்.

கம்பம்

எஃப்.எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சாமான். இடையில் மலை வந்தால் மறைந்துவிடும், கட்டடங்களில் பட்டால் சிதறி இரட்டையாக வரும். கண்டியில் இருப்பவருக்கு அது பெரிய தலையிடி. எங்களுக்கு இல்லை. வன்னி தட்டை நிலம். குளக்கட்டில் ஏறி நின்றால் அடுத்த ஊர்ப் பனை தெரியும். இந்தப் பொழுதுபோக்குக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது.

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. பழைய கோபுரம் 1990இல் அழிந்தது, இப்போதுள்ளது 2011 ஜூனில் திறக்கப்பட்டது. உயரம் 170 மீற்றருக்கு மேல். அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: மீற்றரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்குங்கள், கிலோமீற்றர் வரும். கோபுரத்துக்கு 53. உங்கள் அன்ரனா 9 மீற்றரில் நின்றால் அதற்கு 12. கூட்டினால் 65. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள் தாராளமாக அடங்கும், வவுனியா நகரமும் சேரும்.

ஆனால் காகிதத்தில் வரும் தூரம் ஒன்று, வீட்டுக்குள் வரும் அலை இன்னொன்று. தகரக் கூரை, இரும்புக் கிராதி, சுற்றிவர மாமரம் எல்லாம் அதைத் தின்னும். கூரையையும் மரத்தையும் தாண்டுவதற்குத்தான் உயரம். முப்பது அடி ஜி.ஐ பைப் போதும். பழைய ரி.வி அன்ரனாவுக்கு நட்ட பைப், டிஷ் வந்தபிறகு சும்மா நிற்கிற வீடுகள் பல உண்டு. முதலில் அதைப் பாருங்கள், காசு மிச்சம். புதிதாக நடுவதானால் கரண்ட் லைனிலிருந்து பைப்பின் நீளத்தைவிடக் கூடத் தள்ளி நடுங்கள். சரிந்தாலும் வயரில் விழக்கூடாது. நம் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அறியாத காணியில் குழி தோண்ட வேண்டாம், தோண்டும்போது சந்தேகமாக ஏதும் தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டு அறிவியுங்கள்.

பனையில் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம்தான், ஆனால் வளவில் இடி முதலில் தேடி வருவது பனையைத்தான்.

அன்ரனா செய்தல்

கடையில் தேடி அலையத் தேவையில்லை. ஒன்றரை மீற்றர் பி.வி.சி பைப், இரண்டு துண்டு தடித்த செப்புக்கம்பி, டிஷ் ரி.விக்கு இழுக்கிற அந்தக் கறுப்பு வயர். அவ்வளவுதான். டிஷ் வயர் 75 ஓம் வகை. நடுவில் வெட்டிய சாதாரணக் கம்பி அன்ரனாவும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டுக்கும் நல்ல பொருத்தம்.

ஒவ்வொரு கம்பியையும் 73 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள். எஃப்.எம் பட்டையின் நடுப்பகுதியான 98 மெகாஹேர்ட்ஸுக்கு அலையின் கால்வாசி நீளம் அது, கம்பிக்காகச் சற்றுக் குறைத்தது. பி.வி.சி பைப்பின் நடுவிலிருந்து இடம் வலமாக இரண்டையும் கட்டுங்கள், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. வயரின் உட்கம்பி ஒரு கைக்கு, வெளிப்பின்னல் மற்றக் கைக்கு. ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். சும்மா முறுக்கிவிட்டால் முதல் மாரிக்கே பச்சை பிடிக்கும். பொருத்தின இடம் முழுவதையும் சிலிக்கன் பூசி மூடுங்கள். அதற்குக் கீழே வயரை சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால், வயரே அன்ரனாவாகி வீட்டு இரைச்சலைப் பொறுக்குவது குறையும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயர் ஒரு வளைவு தொங்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், சுவருக்குள் வராது.

இனித் திசை. கம்பியின் பக்கவாட்டுத்தான் கேட்கும், நுனி கேட்காது. நான் இருக்கிற கனகராயன்குளத்துக்குக் கொக்காவில் வடக்கே. ஆகவே என் கம்பிகள் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. வவுனியாக்காரருக்கும் கிளிநொச்சிக்காரருக்கும் அதே கிடை. முல்லைத்தீவில் கோபுரம் மேற்கே என்பதால் வடக்குத் தெற்காக வையுங்கள். சில நிலையங்கள் நிமிர்ந்த கம்பிக்குத்தான் நன்றாக வரும். படுக்க வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்த்தியும் ஒருமுறை பாருங்கள். இது ஒரு ஆள் வேலை அல்ல. நான் பைப்பைத் திருப்ப, மாமி உள்ளே ஊசியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இல்லை, முந்தினதுதான் நல்லம்" என்று ஜன்னலால் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டி எங்கிருந்து வர வேண்டும்

சொந்தக்காரரிடம் கேட்பதென்றால் கனடாவிடம் கேட்காதீர்கள், ஐரோப்பாவிடம் கேளுங்கள். காரணம் உண்டு.

கனடா, அமெரிக்கப் பெட்டிகள் 120 வோல்ற்றுக்குச் செய்தவை. நேரே நம் 230இல் செருகினால் புகைதான். அதற்கு ரான்ஸ்ஃபோமர் வைக்கலாம், சரி. ஆனால் நிலையம் கூட்டி அனுப்புகிற உயர்சுருதி ஒலிகளைப் பெட்டி திருப்பிக் குறைக்கும் அளவு அவற்றில் 75 மைக்ரோசெக்கன் கணக்கில் இருக்கும். ஐரோப்பியக் கணக்கு 50, நமக்கும் அதுதான். 50க்கு ஒலிபரப்புவதை 75இல் கேட்டால் தாளமும் சலங்கையும் மூடிப் போர்த்தியது போல மந்தமாகும். டிஜிட்டல் எண் காட்டுகிற வகையானால் இன்னொரு வில்லங்கம்: சில அமெரிக்கப் பெட்டிகள் 98.1, 98.3, 98.5 என்று ஒற்றைப் புள்ளிகளில் மட்டும் தாவும். உங்கள் நிலையம் 98.4இல் இருந்தால் அதன் வாசலில் நின்று எட்டிப்பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஜப்பானில் விற்றது இன்னும் மோசம். 100 வோல்ற், அதோடு அங்கத்தைய பழைய எஃப்.எம் பட்டை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். ஜப்பானிலிருந்து இறக்கிய வான் வாகனத்தின் றேடியோவில் நம் நிலையங்கள் பாதிக்கு மேல் வராமல், பட்டை மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டுவார்களே, அதே கதைதான். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். டயலில் கடைசி எண் 108ஆ என்று பாருங்கள்.

ஐரோப்பியப் பெட்டி 220 வோல்ற், 50 மைக்ரோசெக்கன், 87.5 முதல் 108 வரை. இங்கே அப்படியே வேலை செய்யும். இன்னொரு நல்ல காலம்: நோர்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 டிசம்பர் 31உடன் எஃப்.எம்மை விட்டது. அங்கே நிலவறையில் கிடக்கும் நல்ல நல்ல ரியூனர்களுக்குக் கேட்க நிலையம் குறைந்துபோய்விட்டது. எங்கள் சனம் வாழாத சுவிஸ் ஊர் உண்டா? நோர்வேயின் தண்ட்பேர்க், சுவிஸின் றேவொக்ஸ் என்று அந்த நாட்டுப் பெயர்களும் குறைந்தவை அல்ல. என்னுடையது சூரிச்சிலிருந்து ஒரு மாமாவின் பயணப்பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வந்த ஜப்பான் மேக். பிளக்கை மட்டும் மாற்றினேன். அந்த நாட்டு இரண்டு முனைப் பிளக்கைத் தீக்குச்சி வைத்துச் செருகுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். நூறு ரூபாய் வேலை ஒன்றுக்காக வீட்டைக் கொளுத்திக்கொள்வானேன்?

பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடவும் வேண்டாம். மரன்ஸ் 10பி என்று 1960களின் வால்வு ரியூனர் ஒன்று உண்டு, ஊசிக்குப் பதில் சின்னத் திரையில் அலையையே கோடாகக் காட்டும். படத்தில் பார்த்து ஆசைப்படலாம். நமக்கு நடுத்தரப் பெட்டி ஒன்று, நல்ல கம்பத்தோடு சேர்ந்தால் போதும். கம்பம் இல்லாத விலைகூடிய பெட்டி, கிணறு இல்லாத மோட்டார்.

வாங்கும்போது கையால் பார்ப்பவை

குமிழைச் சுழற்றுங்கள். ஊசி வழுக்காமல் கரையிலிருந்து கரைக்குப் போக வேண்டும். வழுக்கினால் உள்ளே டயல் நூல் தளர்ந்திருக்கும், அது திருத்தக்கூடியது. இரண்டு பக்க ஒலியும் வருகிறதா, ஸ்ரீரியோ விளக்கு பலமான நிலையத்தில் எரிகிறதா என்று பாருங்கள். டயல் விளக்கு எரியாவிட்டால் பயப்பட வேண்டாம், பல்பு சின்னச் செலவு. அரை மணி நேரம் ஓடவிட்டு, நிலையம் தானாக நகர்ந்து போகிறதா என்று கவனியுங்கள். அதுதான் முக்கியமான சோதனை. சூடானதும் ஓடிப்போகும் ரியூனரை அனுபவமுள்ளவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

மேல்மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னத் திருகு வாய்கள் தெரியும். ஸ்குரூ டிரைவரோடு அவற்றின் கிட்டவும் போகாதீர்கள். தளர்ந்த ஆணி என்று நினைத்து இறுக்கினால், தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்த அமைப்பு முழுவதும் குலைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு திருத்தகம் ஒரு நண்பரின் பெட்டியில் இப்படி எல்லாவற்றையும் "ரைற் பண்ணி"க் கொடுத்தது. அதற்குப்பிறகு அதில் ஒரே ஒரு நிலையம்தான் வருகிறது, அதுவும் டயலில் வேறு எண்ணில்.

இணைப்பும் பிடிப்பும்

ரியூனரிலிருந்து வரும் சிவப்பு வெள்ளை வயரை அம்ப்பின் "ரியூனர்" அல்லது "ஓக்ஸ்" துளையில் செருகுங்கள். "ஃபோனோ" என்ற துளை இசைத்தட்டுக்கு. அதில் கொடுத்தால் அலறும். அன்ரனா வயர் 75 ஓம் துளைக்கு. பின்னால் இரண்டு திருகாணி மட்டும் இருந்து 300 ஓம் என்று எழுதியிருந்தால், பழைய ரி.விக்குப் பின்னால் தொங்குமே ஒரு சின்ன மாற்றி, அதை இடையில் போடுங்கள்.

முதலில் "மியூற்றிங்" சுவிச்சை அணையுங்கள். அது நிலையங்களுக்கு இடையிலான இரைச்சலை அடக்குவதற்காக உள்ளது, ஆனால் பலவீனமான நிலையங்களையும் சேர்த்து விழுங்கிவிடும். இப்போது குமிழை மெதுவாக நகர்த்துங்கள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தலைகாட்டும். அலையின் பலம் காட்டும் ஊசி மேலே ஏறும். மற்ற மீற்றரின் ஊசி இடப்பக்கம் சாய்ந்து, நடுவுக்கு வந்து, வலப்பக்கம் போகும். நடுவில் நிற்கும் புள்ளியே சரியான இடம். பலர் அந்தப் பலம் காட்டும் ஊசி உச்சிக்குப் போனதும் கையை எடுத்துவிடுவார்கள். நடு ஊசி ஒரு நூல் விலகியிருந்தால்கூட "ச", "ஷ" எழுத்துகள் கீறிக்கொண்டு வரும். செய்தி வாசிப்பவர் "சனிக்கிழமை" என்று சொல்லும்போது கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது மோனோ பொத்தான். புதிதாக வருபவர் இதை மதிப்பதில்லை. ஸ்ரீரியோ விளக்கு எரிந்தால்தான் காசுக்குப் பெறுமதி என்று நினைப்பு. எஃப்.எம்மில் இரண்டு பக்க ஒலியையும் கூட்டிய ஒலி கீழே போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 38 கிலோஹேர்ட்ஸ் உயரத்தில் ஏறிப் போகும். 19 கிலோஹேர்ட்ஸில் ஓர் அடையாளச் சுருதி நின்று வழி காட்டும். எஃப்.எம்மில் மேலே போகப் போக இரைச்சல் கூடும் என்பதால், அந்த வித்தியாசத்தோடுதான் அதிகக் குப்பை ஒட்டிக்கொண்டு வருகிறது. மோனோவை அழுத்தினால் அந்த மேல்மாடி முழுவதும் கழிந்துவிடும். தூரத்து நிலையத்தின் "சோ" என்ற இரைச்சல் துடைத்தெடுத்தாற்போலப் போகும். செய்திக்கும் நாடகத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் இரண்டு பக்கம் எதற்கு? ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டெல்லாம் மோனோவில் பதிந்தவைதான், அவற்றிலும் ஒன்றும் இழக்கப் போவதில்லை. மாமி ஊரின் பெயரைத் தெளிவாகக் கேட்டது இந்தப் பொத்தானை அழுத்திய அன்றுதான்.

சில பெட்டிகளில் "வைட்", "நாரோ" என்று ஒரு சுவிச்சு இருக்கும். எப்போதும் வைட்டில் வையுங்கள். பக்கத்து நிலையம் உள்ளே புகுந்தால் மட்டும் நாரோ.

வீட்டுக்குள் இரைச்சல்

கம்பம் சரி, பெட்டி சரி, இன்னும் இரைகிறது என்றால் வீட்டைச் சந்தேகியுங்கள். மலிவு எல்.ஈ.டி பல்பு, போன் சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர் மூன்றும்தான் வழக்கமான கள்ளர்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரியூனர் ஒன்றுக்குப் பத்து இருபது வாற் கரண்ட் போதும் என்பதால் கரண்ட் போனாலும் பற்றறியில் ஓட்டலாம், ஆனால் மலிவு இன்வேர்ட்டரில் ஓர் உறுமல் கூடவே வரும். யானை மின்வேலிக்குப் பக்கத்துக் காணிக்காரர் மத்திய அலையில் கேட்கும் "டிக், டிக்" எஃப்.எம்மில் அவ்வளவாகத் தொல்லை தராது.

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இந்த வசதியெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் செய்தி கேட்டார்கள். சுற்றுகிற கை களைத்தால் செய்தியும் மெலிந்துவிடும். "முக்கியமான இடம் வரேக்கதான் தம்பி கை நோகும்" என்பார். என் ரியூனரின் ஊசி அசையாமல் நிற்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாரியும் பல்லியும்

ஏப்ரல் வெக்கையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி சகஜம். பைப்பின் அடியில் செப்புக் கோல் ஒன்றை ஆழமாக அடித்துத் தடித்த வயரால் இணையுங்கள். அது தேங்கும் மின்னை இறக்கும். நேரே விழும் இடியைத் தடுக்காது. வானம் கறுத்தால் அன்ரனா வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள், பிளக்கையும் உருவுங்கள். இடி தொடங்கியபிறகு வயரில் கை வைக்க வேண்டாம்.

மற்ற எதிரி சின்னது. இந்தப் பெட்டிகள் இளஞ்சூடாக இருக்கும், மேலே காற்றுக்கு வெட்டுகள் இருக்கும். பல்லிக்கு அதைவிட நல்ல பிரசவ விடுதி இல்லை. நான் ஒருநாள் மூடியைத் திறந்தபோது ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் இரண்டு முட்டை, நிலையம் பிடிக்கச் சுழலும் கப்பாசிற்றரின் தகடுகளுக்கு நடுவே ஓர் எறும்பு வரிசை, பின்மூலையில் குளவி கட்டத் தொடங்கிய மண்கூடு. வெட்டுகளுக்கு மேல் நுளம்பு வலைத்துண்டு ஒன்றைக் காந்தத்தால் ஒட்டிவிட்டேன். காற்றும் போகும். துணி போட்டு மூடாதீர்கள், வெந்துவிடும். உட்தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம். கதவுக்கு அடிக்கிற ஒயில் ஸ்பிறேயை மட்டும் உள்ளே அடிக்க வேண்டாம், தூசியையும் கூட்டிப் பிசினாக்கும்.

காற்று ஓய்ந்த இரவு

வாடையும் சோளகமும் இல்லாத, இலை அசையாத வெக்கை இரவுகளில் கடலுக்கு மேல் சூட்டுக்காற்றும் குளிர்காற்றும் அடுக்காக நிற்கும். எஃப்.எம் அலை அந்த அடுக்குக்குள் அகப்பட்டுக் குழாயில் போவது போல, போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போகும். அப்போது கம்பத்தை வடமேற்குப் பக்கம் பார்க்கத் திருப்பி, மோனோ அழுத்தி, மியூற்றிங் அணைத்து, டயலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். தமிழ்நாட்டு நிலையங்கள் கரையேறி வரும். கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5இல் பேசும் அகில இந்திய வானொலி நம் பக்கம் பலருக்குத் தெரிந்த பெயர். மன்னாரிலிருந்து பார்த்தாலே முந்நூறு கிலோமீற்றர் தள்ளி. சாதாரண நாளில் அதே இடத்தில் வெறும் இரைச்சல்தான்.

பக்கத்தில் ஒரு சீ.ஆர் கொப்பி வைத்திருங்கள். எண், நேரம், ஊசி எவ்வளவு ஏறியது, காற்று எப்படி என்று எழுதுங்கள். என் கொப்பியில் 100.5க்கு நேரே இதுவரை மூன்று திகதிகள்தான் இருக்கின்றன, மூன்றிலும் காற்று என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.